எங்கள் பீர்க்கடை கைமாறியபோது

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மாம்பழ சீசன் முடிந்து ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்த சமயம். இடம், ஓசூரிலிருந்து எல்லை தாண்டி, அத்திப்பள்ளியிலிருந்து சர்ஜாபூர் போகும் சாலையில் இருந்த ஒரு பீர்க்கடை. பீர்க்கடை என்றதும் பாட்டில் அடுக்கி வைத்திருக்கும் கடை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயே பீர் காய்ச்சி, அங்கேயே கண்ணாடி மக்கில் பிடித்துத் தருகிற இடம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஸ்டீல் டேங்குகளைப் பார்த்தபடியே உட்கார்ந்து குடிக்கலாம்.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் சிங்காரப்பேட்டை பக்கம். வாரத்தில் ஒரு நாள் பீர் குடிப்பவன். இதைப் பத்திரிகைக்கு எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. "எழுதறதுன்னா எழுதுங்க, பேரு மட்டும் போட்டுறாதீங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அதனால் இதில் யாருக்கும் பெயர் கிடையாது.

அந்தக் கடைக்கு என்னை முதலில் அழைத்துப் போனவர் பீரைத் தொடாத ஒரு மனிதர் என்றால் நம்புவீர்களா? என் பிரிவிலேயே வேலை பார்க்கும் திருநெல்வேலி நண்பர். புராட்டஸ்டண்ட் குடும்பம். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர், ஒரு சொட்டு குடிக்க மாட்டார். ஆனால் அந்தக் கடையின் பெப்பர் சிக்கனுக்கு அடிமை. சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் அவர் காரில் கிளம்புவோம். அவர் எலுமிச்சை சோடாவும் சிக்கனும், நான் பீர். திரும்பும்போது அவர்தான் ஓட்டுவார். இருட்டுவதற்குள் வீட்டில் இருப்பேன்.

முதல் தடவை போனபோது எனக்கு வந்தது ராகி பீர். கலங்கலாக, லேசான செம்மண் நிறத்தில் இருந்தது. ஒரு வாய் குடித்ததும் வறுத்த கேழ்வரகு வாசனை மூக்கில் ஏறியது. களி தின்று வளர்ந்த வாய் எனக்கு. அதுவரை பீர் என்பது கசப்பாக, ஜில்லென்று, எந்த ஊரில் குடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். நம்ம ஊர் நிலத்து வாசனையோடு ஒரு பீர் இருக்கும் என்று யார் கண்டது? ராகி தளி, ஜவளகிரி பக்கத்து விவசாயிகளிடமிருந்து வருகிறது என்று பிறகு தெரிந்தது. அதை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, முளைகட்டிய பார்லி மால்ட்டோடு சேர்த்துக் காய்ச்சுவார்களாம்.

காய்ச்சியவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கெலமங்கலம் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கடையில் கன்னடம். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு பிஸ்கட் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்து இங்கே வந்தவர். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். கால் முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு டேங்க் ரூமில் நடமாடுவார். வெளியே வந்து வாடிக்கையாளர்களிடம் பேசுவது குறைவு.

பேசுவதெல்லாம் ஓனர்தான். ஆனேக்கல்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. தமிழ், கன்னடம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார். ஒவ்வொரு மேஜையாக வருவார். ஒரு மக்கை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடி, "இந்த வாட்டி வாழைப்பழ வாசனை கொஞ்சம் தூக்கல், கவனிச்சீங்களா சார்?" என்பார். நாங்கள் அப்புறம்தான் முகர்ந்து பார்ப்போம். ஆமாம், இருக்கும்! ஏதோ பெரிய ரகசியத்தில் பங்கு கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம்.

இப்படி அங்கே வருகிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். ஓசூர்க்காரர்கள்தான் பாதிப் பேர். குரூப்பின் பெயர் 'எல்லை தாண்டிய குடிமக்கள்'. எப்போது மாம்பழ பீர் வருகிறது, யார் வருகிறார்கள், எங்கே டிராபிக் என்பது மாதிரியான விஷயங்கள்தான் அதில் ஓடும்.

ஒரு வியாழக்கிழமை டீ இடைவேளையில் குரூப்பைத் திறந்தால் ஒரே அமர்க்களம். யாரோ ஒரு வணிகச் செய்தித் தளத்திலிருந்து ஒரு செய்தியைப் போட்டிருந்தார்கள். நாடு முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு பெரிய மதுபானக் கம்பெனி எங்கள் கடையை வாங்கப் போகிறது என்று நாலு வரி. அதற்குக் கீழே எங்கள் ஆட்களின் கொந்தளிப்பு. 'துரோகம்' என்று ஒருவர். 'இனி அங்க கால் வெக்க மாட்டேன்' என்று இன்னொருவர். 'இனிமே மெஷின் பீர்தான், தண்ணி ஊத்துவான் பாருங்க' என்று ஒருவர். ஓனர் காசுக்கு ஆசைப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. பகல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. திருநெல்வேலி நண்பர் கேட்டுவிட்டார்.

"என்னடே, மூஞ்சி இப்படி இருக்கு? உன் சொத்தையா வித்துட்டான்?"

சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. காசு கொடுத்துக் குடித்துவிட்டு வருகிறவனுக்கு அந்தக் கடையில் என்ன பாத்தியதை? ஒன்றும் கிடையாது. இருந்தாலும் என்னைக் கேட்காமல் என் பொருளை எடுத்துக் கொடுத்துவிட்ட மாதிரி ஓர் ஆத்திரம்.

போகவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். நண்பர் விடவில்லை. "நீ வராட்டி போ. சிக்கன் பண்றவன் என்ன பாவம் பண்ணான்? நான் போறேன்" என்றார். சனிக்கிழமை வழக்கம்போலக் கிளம்பினோம்.

கடையில் கூட்டம் குறைவு. குரூப் ஆட்கள் ஒருவரும் இல்லை. ஓனர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர், அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மக்கை எடுக்கவில்லை, முகரவில்லை.

"குரூப்ல வந்துருச்சா சார்?" என்றார்.

தலையாட்டினேன்.

"கொஞ்சம் மெதுவா பேசலாம். உள்ள யாருக்கும் இன்னும் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடிக்க வருகிற நாங்கள் மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம். சமையல்காரர், பரிமாறுகிறவர்கள், டேங்க் கழுவுகிறவர்கள், அந்த மேடம், யாருக்குமே தெரியாதாம். அடுத்த வாரக் கடைசியில் கையெழுத்து என்றார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாராம். அதற்குள் எவனோ செய்தியில் போட்டுவிட்டான்.

கோபத்தோடு போனவன்தான் நான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தால் திட்ட மனசு வரவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. மேஜையில் இருந்த ஈர வட்டத்தை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க ஒரு வாட்டி சொன்னீங்கல்ல, உங்க கம்பெனியையும் வித்தாங்கன்னு?" என்று திடீரென்று கேட்டார். "அப்ப உங்களுக்கு எப்படிச் சொன்னாங்க?"

அது நடந்து வெகு காலம் ஆகிவிட்டது. எங்கள் கம்பெனியை ஆரம்பித்த முதலாளி தினமும் ஷாப் புளோருக்குள் ஒரு சுற்று வருவார். யார் எந்த மெஷினில் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு சிங்காரப்பேட்டை வரை வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் வேறு போர்டு. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பெயர். செக்யூரிட்டி எங்கள் பழைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார். எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்த ஒரு ஃபிட்டர், "நம்மளையும் சேத்துதான் வித்துட்டாங்களா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். வேலை போகவில்லை, சம்பளம்கூடக் கொஞ்சம் ஏறியது. ஆனால் அந்த முதலாளி அதற்கப்புறம் வரவே இல்லை.

இதைச் சொல்லிவிட்டு, "எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாங்க. அவரே வந்து, இந்த மாதிரி வித்துட்டேன்பா, இதுக்கோசரம் வித்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அதுதான் இன்னும் மனசுல நிக்குது" என்றேன்.

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டார். பிறகு, "எதுக்கு வித்தேன்னு சொல்லணும், அப்படித்தானே? அதைச் சொல்லத்தான் சார் எனக்கு வாய் வரல" என்றார்.

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

"கொரோனா வந்து போச்சே, அதுல எனக்கு மூக்கு போச்சு. வாசனை ஒண்ணும் தெரியாது. வந்துரும், வந்துரும்னு டாக்டருங்க சொன்னாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு, வரல. மல்லிப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான் எனக்கு. பீர் காய்ச்சற கடைக்கு ஓனர், பீர் வாசனை தெரியாது. ஏனு மாடோது சார், என்ன பண்றது?"

என் நண்பர் கையில் எடுத்த சிக்கன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அப்ப அந்த வாழைப்பழ வாசனை..." என்று இழுத்தேன்.

"நடிப்பு சார். மேடம் காலையில டேங்க்ல இருந்து எடுத்துப் பாத்துட்டு சொல்வாங்க. இன்னிக்கு இது தூக்கல், அது கம்மின்னு. அதையே மனப்பாடம் பண்ணி மேஜை மேஜையா ஒப்பிச்சுட்டு வருவேன்."

வீட்டில் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாதாம். ஒரு நாள் கெட்டுப்போன பீரை நல்ல பீர் என்று ஊற்றிக் கொடுத்துவிடுவோமோ என்று பயந்து பயந்து வந்திருக்கிறார். இடத்துக்காரர் வாடகையை ஏற்றிக்கொண்டே போனது, லைசென்ஸ் புதுப்பிக்க அலைவது எல்லாம் கூட இருந்தது. ஆனால் அதெல்லாம் சமாளிக்கிற விஷயம்தான் என்றார். "முன்னாடி இங்க உள்ள வந்தாலே, டேங்க்ல என்ன நடக்குதுன்னு மூக்கு சொல்லிடும். இப்ப யாரோ கடைக்குள்ள தப்பா நுழைஞ்ச மாதிரி இருக்கு. வாங்க வந்தவங்க மரியாதையாத்தான் கேட்டாங்க. சரின்னுட்டேன்."

குரூப்பில் எல்லோரும் எழுதியது ஞாபகம் வந்தது. காசுக்கு ஆசைப்பட்டுவிட்டார் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டோம்!

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "திங்கட்கிழமை காலையில எல்லாரையும் கூப்பிட்டு சொல்லிடறேன். உங்களால வர முடியுமா சார்?" என்றார்.

"நான் எதுக்குங்க? நான் குடிக்க வர்றவன்தானே?"

"நீங்க வேலை பாக்கறவங்க பக்கம் நின்னவரு. நீங்க பாத்துட்டு இருந்தா நான் பாதியில ஓட மாட்டேன்."

அந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிப்ட். காலையில் பஸ் பிடித்து அத்திப்பள்ளி போய், அங்கிருந்து ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தரை கழுவிய ஈரம். பதினைந்து இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒடிசா, அசாம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு ஓரமாக. சமையல்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில். மேடம் பூட்ஸோடு டேங்க் ரூம் கதவில் சாய்ந்து நின்றார். நான் சுவர் ஓரமாக நின்றுகொண்டேன். எதற்கு வந்தான் இவன் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

ஓனர் கன்னடத்தில் ஆரம்பித்தார், தமிழுக்கு வந்தார், கடைசியில் அரைகுறை இந்தியில் ஒரு தரம் சொன்னார். கடையை விற்றாகிவிட்டது, வெள்ளிக்கிழமை கையெழுத்து. நடுவில் ஒரு தடவை நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் அசைத்தேன். மறுபடி பேச ஆரம்பித்தார்.

முதலில் பேசியவர் சமையல்காரர்தான். குருபரப்பள்ளிக்காரர், ஹைவே ஓட்டல்களில் அடுப்படியில் நின்று வந்தவர், பேச்சில் பயம் கிடையாது.

"அதெல்லாம் சரிங்க. எங்கள வெச்சுக்குவாங்களா, வெச்சுக்க மாட்டாங்களா? அத மொதல்ல சொல்லுங்க."

"ஒரு வருஷத்துக்கு யாரையும் நிறுத்தக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல போடச் சொல்லி, போட்டுட்டாங்க. அதுக்கு அப்புறம் என் கையில இல்ல. இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அசாம் பெண் ஒருத்தி, தங்கியிருக்கும் ரூம் இருக்குமா என்று இந்தியில் கேட்டாள். இருக்கும் என்றார். பரிமாறும் ஒருவர், முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். ஓனர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் ஓடவில்லை.

எதற்கு விற்கிறேன் என்பதை மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். அதற்குள் டேங்க் ரூம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேடம் உள்ளே போய்விட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தால், மேலே கட்டியிருந்த பிளாஸ்டிக் ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஓனர் பின்னாலேயே ஓடினார். என்னையும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கித்தான் போனேன். உள்ளே வெதுவெதுப்பாக, ரொட்டி புளித்த வாசனை. எனக்குத்தான் அந்த வாசனை, அவருக்கு இல்லை என்று தோன்றியதும் என்னவோ போலிருந்தது.

"மேடம், நீங்க போயிட்டீங்கன்னா அந்த டேங்க்..." என்றார் ஓனர்.

"டேங்க்கு ஒண்ணும் ஆவாது சார். நாளைக்கு வேற ஆளு வந்து பாப்பாங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் காய்ச்சுன ராகி பீரும் சேந்துதான் போயிருச்சா?"

ஓனர் தரையைப் பார்த்தார். "எல்லா ரெசிபியும் சேத்துதான் கேட்டாங்க."

"அது நான் ஒரு வருஷமா, எத்தனை தடவை ஊத்திக் கொட்டி..." மேடம் முடிக்காமல் ஏப்ரனைச் சுருட்டி மேஜை மேல் வைத்தார்.

அப்போதுதான் ஓனர் சொன்னார். "மேடம், நான் எதுக்கு விக்கறேன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கு..."

"வாசனை தெரியாது" என்றார் மேடம்.

ஓனர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப நாளாவே தெரியும் சார். ஒரு வாட்டி கிச்சன்ல பால் பொங்கி அடியில புடிச்சு, கடையே தீஞ்ச நாத்தம். நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னு போன் பேசிட்டு இருந்தீங்க. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அதுக்கோசரம்தான் தினம் காலையில வந்து, இது தூக்கல், இது கம்மின்னு உங்க கிட்ட ஒண்ணு விடாம சொன்னது. முன்னெல்லாம் சொல்லியிருக்கனா? நாலு பேருக்கு முன்னாடி நீங்க தப்பா சொல்லிறக் கூடாதுன்னுதான் சொன்னேன். நான் இவ்ளோ பாத்துப் பாத்து வெச்சிருந்தேன், நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வித்துட்டீங்களே சார்?"

இவ்வளவுதான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

அந்த ஐம்பது வயது மனிதர் அங்கேயே ஒரு மால்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. இரண்டு வருடமாக அவர் ஒளித்து வைத்திருந்ததை, அவரைவிட நன்றாக இன்னொருவர் ஒளித்து வைத்திருக்கிறார். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஓனர் எழுந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டார். மறுபடி ஹாலுக்கு வந்து, எதற்கு விற்கிறேன் என்பதை எல்லோருக்கும் சொன்னார். மூன்று மொழியிலும் சொன்னார். முன்பு சத்தம் போட்ட ஆள் முகம் மாறிவிட்டது. சமையல்காரர் போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். பிறகு ஓனர், "ராகி பீரை விக்கல. அது மேடத்தோடது. அதுக்குச் சம்மதிச்சாத்தான் கையெழுத்து" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

மேடம் ஏப்ரனை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டு உள்ளே போனார். டேங்கில் பீர் புளித்துக்கொண்டிருந்ததே, அதை அப்படியே விட்டுப் போக அவருக்கு மனசு வந்திருக்காது.

நான் ஷிப்டுக்குக் கிளம்பவேண்டிய நேரம். ஓனர் வெளியே வந்தார். கார் நிறுத்தும் இடத்தில் நின்று வக்கீலுக்குப் போன் போட்டார். பேசி முடித்தும் போனைக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு காரணத்துக்காக அவர்கள் பின்வாங்கினால் இத்தனை பேர் வேலைக்கும் என்ன ஆகும்? இந்தக் கடையை அவர் இன்னும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

"எங்க பழைய முதலாளி ஏன் வரலைன்னு இப்பத்தான் புரியுதுங்க" என்றேன்.

"அவருக்கும் இப்படித்தான் பயமா இருந்திருக்கும் சார்" என்றார். "பாவம், அவருக்கு நீங்க போய் நிக்கல."

அதை அவர் சும்மாதான் சொன்னார். எனக்கு என்னவோ அன்று ஷிப்ட் முழுக்க அதே ஞாபகமாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை போன் வந்தது. சம்மதித்துவிட்டார்களாம். சந்தோஷமாகச் சொல்வார் என்று பார்த்தால் குரல் இறங்கியிருந்தது. "ஒரு நிமிஷம்கூட யோசிக்கல சார். சரி, அந்த ஒண்ணை எடுத்துடுங்கன்னுட்டாங்க. இடமும் லைசென்ஸும் பேரும்தான் அவங்களுக்கு வேணும். ராகி பீர் இருக்கறதே அவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது."

எங்கள் குரூப்பில் நடந்ததை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். மூக்கு விஷயத்தையும் எழுதச் சொன்னார். "இனிமே ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார். எழுதினேன். 'துரோகம்' என்று எழுதியவர்தான் முதலில் 'தப்பா சொல்லிட்டேன்' என்று போட்டார். கையெழுத்துக்கு மறுநாள், சனிக்கிழமை, நானும் நண்பரும் லீவு போட்டுவிட்டுப் போனால், கடையில் உட்கார இடம் இல்லை. ஓனர் அன்று மேஜை மேஜையாக வந்தார். யார் மக்கையும் எடுத்து முகரவில்லை. "எப்படி இருக்கு, நீங்க சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒருவர் வாழைப்பழம் என்றார், ஒருவர் கிராம்பு என்றார், என் நண்பர் தன் தட்டை நீட்டி பெப்பர் என்றார். ஓனர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்குப் பின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போர்டு அதே பேரில்தான் இருக்கிறது, அளவு மட்டும் பெரிதாகிவிட்டது. சாதாரண பீர் முன்பு போலவேதான் இருக்கிறது. தண்ணீர் ஊற்றுவான் என்று சொன்னது நடக்கவில்லை. மாம்பழ பீர் இந்த வருஷம் வரவில்லை. அந்த ஒரு வருடம் முடிந்ததும் இரண்டு மூன்று பேரை நிறுத்தினார்கள். வருத்தம்தான். மற்றவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதனால் அந்தக் கடையை ஒதுக்க எனக்கு மனசு இல்லை, இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். மேடம் சில மாதங்களில் சந்தாபுரா பக்கம் இன்னொரு சின்ன இடத்துக்குப் போய்விட்டார். அங்கே அவரே ராகி பீர் காய்ச்சுகிறார். கூட்டம் அதிகம் வருவதில்லை. அந்த இடத்தையும் யாராவது ஒரு நாள் வாங்கலாம். யார் கண்டது?

பழைய ஓனரை ஓசூர் உழவர் சந்தையில் அவ்வப்போது பார்ப்பேன். மூக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. காபித்தூள் அரைக்கும் கடையைத் தாண்டும்போது மட்டும் ஏதோ தெரிகிற மாதிரி இருக்கிறது என்றார். மேடம் மாதம் ஒரு தடவை போன் பண்ணி, புதிதாகக் காய்ச்சியதைப் பற்றி ஒன்று விடாமல் சொல்வாராம். யாரிடமும் ஒப்பிக்க வேண்டிய அவசியம் இப்போது அவருக்கு இல்லை. இருந்தாலும் உட்கார்ந்து கேட்டுக்கொள்வாராம்.

இந்தப் பக்கத்தில் கம்பெனிகள் கைமாறுவது தினமும் நடக்கிற விஷயம்தான். இப்போதெல்லாம் அப்படி ஒரு செய்தி காதில் விழுந்தால், யார் வாங்கினார்கள், எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்றெல்லாம் கேட்கத் தோன்றுவதில்லை. உள்ளே இருக்கிறவர்களிடம் முகத்தைப் பார்த்து யாராவது சொன்னார்களா, அப்படிச் சொல்லப் போனவருக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆளாவது இருந்தாரா என்றுதான் மனசு முதலில் கேட்கிறது.